நிழலில் ஸ்வீட் பாக்ஸ் வளர்ப்பது

இங்கிலாந்தில் வடக்குப் பார்த்த, வெயிலே படாத மூலைக்கு ஸ்வீட் பாக்ஸ் என்னும் சார்கோகாக்கா கன்ஃப்யூசா புதர்ச்செடிதான் முதல் தேர்வு. இலை உதிராது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலைக்கணுக்களில் வெள்ளை நூல்போலச் சின்னப் பூக்கள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், வாசனையோ சில அடி தள்ளியே எட்டும். அதனால் நீங்கள் குளிர்காலத்திலும் நடமாடும் வாசல், நடைபாதை ஓரத்தில் வையுங்கள். தோட்டத்தின் கோடியில் வைத்தால் வீண்.

நடவு அக்டோபரில். தொட்டியைப்போல் இரு மடங்கு அகலக் குழி. ஆழம் தொட்டி அளவே. இலைமக்கு கலந்து, செடிக்குச் செடி 75 செ.மீ. விடுங்கள். மேலே 5 செ.மீ. மூடாக்கு, தண்டைத் தொடாமல். முதல் கோடையில் மழையில்லாவிட்டால் வாரம் 10 லிட்டர் தண்ணீர். வேரூன்றிவிட்டால் மரத்தடி வறட்சியையும் தாங்கும். தேங்கும் நீரைத் தாங்காது.

இலை வெளிறி மஞ்சளானால் பெரும்பாலும் வெயில் அதிகம். பூக்கவில்லையா? கத்திரியைப் பாருங்கள்: இலையுதிர் காலத்தில் வெட்டினால் மொட்டும் சேர்ந்து போகும். பூ முடிந்தபின், வசந்தத்தில், மிகப் பழைய தண்டுகள் இரண்டொன்றை அடியோடு எடுங்கள். வேலியாக வளர்க்கும் பாக்ஸ் (பக்சஸ்) செடியைத் தாக்கும் கருகல் நோய் இதற்கும் வரும். கத்திரியைத் துடைத்துவிட்டே தொடுங்கள்.