புயலுக்கு முன் கிரேனைக் கட்டி வைப்பது எப்படி?

புயல் எச்சரிக்கை வந்ததும் கிளம்பிவிடுவேன். காற்று ஏறிவிட்டால் கிரேனை நகர்த்தவே முடியாது. துறைமுகத்தின் தானியங்கி கன்டெய்னர் யார்டில் தண்டவாளத்தில் ஆள் இல்லாமல் ஓடும் கிரேன் என்றாலும் இந்த வேலைக்குக் கை வேண்டும்.

முதலில் கன்டெய்னர் பெட்டியை இறக்கி, பெட்டியைப் பிடிக்கும் சட்டமான ஸ்பிரெடரை வெறுமனே மேலே தூக்கி, அதைச் சுமந்து கிரேனின் மேலே ஓடும் ட்ராலியை அதன் நிறுத்துமிடத்தில் பூட்டுங்கள். கிரேனைத் தரைக்குழிக்கு நேராக, மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். இரண்டு அங்குலம் தள்ளி நின்றாலும் கிரேனைத் தரையோடு பூட்டும் இரும்பு முளை (‘பின்’) குழிக்குள் இறங்காது, சம்மட்டியால் அடித்துப் பார்க்காதீர்கள். அப்புறம் தொலைவிலிருந்து யாரும் இயக்க முடியாதபடி மின்சாரத்தைப் பூட்டுங்கள்.

‘பின்’ போட்டாயிற்று, போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ‘பின்’ கிரேன் தண்டவாளத்தில் ஓடுவதைத் தடுக்கும். காற்றில் கிரேனின் கால் மேலே தூக்குவதைத் தடுக்காது. அதற்கு மூலைக்கு மூலை டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இரும்புக் கட்டு) கட்ட வேண்டும். ஒன்று தளர்வாக இருந்தால் அதன் பாரமும் மற்றவற்றின் தலையில் விழும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் 4 மடங்கு. 2003-ல் மேமி புயலில் தென் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் பெரிய பெரிய கிரேன்களே சரிந்தன.

தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் ரயில் கிளாம்பையும் போடுங்கள். தண்டவாளத்தில் கிரீஸ் இருந்தால் முதலில் துடையுங்கள், வழுக்கும்.