கப்பல் மஸ்கட்டில் நிற்கும் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஓமன் தலைநகர் மஸ்கட்டில் குரூஸ் கப்பல்கள் நிற்பது மத்ரா பகுதியிலுள்ள சுல்தான் காபூஸ் துறைமுகத்தில். பழைய கடைத்தெரு பக்கத்திலேயே இருப்பதால் பலரும் இறங்கியதும் நேராக அங்கே போய்விடுகிறார்கள். அப்படிப் போனால், காலையில் மட்டுமே பார்க்க முடிகிற பெரிய மசூதி கைவிட்டுப் போகும். கடைத்தெருவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் நடக்க அனுமதியில்லை. ஷட்டில் பஸ் வாயிலில் இறக்கிவிடும்.

2. டாக்சியில் ஏறும் முன்பே வாடகையைப் பேசி முடியுங்கள். ஆளுக்கா வண்டிக்கா, போக மட்டுமா போய்வரவா என்று கேளுங்கள். ஒரு ரியால் சுமார் 2.60 டாலர். ஐந்து ரியால் என்றால் கொஞ்சம்தான் என்று தோன்றும், ஆனால் அது 13 டாலர்.

3. முதலில் சுல்தான் காபூஸ் பெரிய மசூதி. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி. பெண்கள் தலை, கை, கால் மூடும்படி உடுத்த வேண்டும். ஆண்களுக்கு முழுக்கால் பேன்ட். உள்ளே விரித்திருக்கும் ஈரானியக் கம்பளத்தின் எடை 21 டன்!

4. திரும்பும் வழியில் பழைய மஸ்கட். அல் ஆலம் அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். சுற்றி வந்து கடல் பக்கம் நில்லுங்கள். இருபுறமும் பாறைமேல் ஜலாலி, மிரானி கோட்டைகள். 1507இல் ஊரைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் 1580களில் கட்டியவை. 1650இல் ஓமன் ஆட்சியாளர் இமாம் சுல்தான் பின் சைஃப் அவர்களைத் துரத்தினார்.

5. இப்போது மத்ரா கடைத்தெரு. மதியம் 1 மணி வாக்கில் மூடி 4 மணிக்கு மேல் திறப்பார்கள். கப்பல் இரவில் கிளம்புவதானால் மாலையே நல்லது. கூரை போட்ட சந்துக்குள் நுழைந்ததுமே லுபான் புகை மணக்கும். ஓமனின் தெற்கிலுள்ள தோஃபார் பகுதியில் வளரும் மரத்தின் பட்டையைச் சீவி, வடியும் பால் இறுகியபின் எடுக்கும் பிசின் அது. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்: இளம்பச்சை கலந்த வெண்மையாக, ஒளி ஊடுருவினால் ஹோஜரி, உயர்ந்த ரகம். பழுப்பேறினால் விலை குறைவு. ஒரு துண்டைக் கரியில் போட்டுக் காட்டச் சொல்லி, பிறகு பேரம் பேசுங்கள். எனக்குப் பிடித்த கடைத்தெருக்களில் இதற்குத்தான் முதலிடம். அருகில் மதில் சூழ்ந்த லவாத்தியா பகுதியின் வாசலுக்குள் மட்டும் போகாதீர்கள், உள்ளே குடியிருப்புகள்.

6. கடற்கரைச் சாலையோடு நடந்தால் துறைமுக வாயில் வந்துவிடும். ஷட்டிலுக்கு வரிசை இருக்கலாம். கப்பல் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்.