ட்சொங்கை மூலையிலிருந்து பாருங்கள்

ட்சொங் என்பது பழங்காலச் சீனர்கள் ஜேடு என்ற கடினமான கல்லில் செய்த குழாய் போன்ற பொருள். அதை அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்கள் நேர் எதிரே நின்று, வெளியே சதுரம், உள்ளே வட்டமாக ஓட்டை, சரி என்று நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போய்விடாதீர்கள். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து, கல்லின் மூலை உங்களுக்கு நேராக வரும்படி நில்லுங்கள். விளிம்பில் குறுக்கே இருக்கும் சின்னப் பட்டை மூக்கு, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு வட்டக் கண், நெற்றிக்கு மேல் ஓடும் கோடுகள் கிரீடம். ஒரு முகம் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

யார் முகம் என்று புரிய, சீனாவின் ஹாங்சோ நகர் அருகே ஃபான்ஷானில் 1986-இல் தோண்டிய 12-ஆம் எண் கல்லறையின் ட்சொங்கைப் படத்திலாவது பெரிதாக்கிப் பாருங்கள். உயரம் 8.9 செ.மீ.தான், எடையோ 6.5 கிலோ. பக்கங்களின் நடுவே, தீப்பெட்டியைவிடச் சின்ன இடத்தில், இறகுக் கிரீடம் வைத்த ஒருவர் பெரிய கண்கள் கொண்ட விலங்கின் மேல் அமர்ந்திருக்கிறார். சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன், உலோகக் கருவி இல்லாத லியாங்சூ என்ற கற்காலப் பண்பாட்டு மக்கள் இழுத்த கோடுகள் அவை; எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நம்ப முடிவதில்லை. மற்ற ட்சொங்குகளில் இருப்பது இதே உருவத்தின் சுருக்கம்தான்.

அப்புறம் ஓட்டைக்குள் எட்டிப் பாருங்கள். ஜேடைச் செதுக்க முடியாது, ஈர மணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் குடைய வேண்டும், அதனால் இரண்டு முனையிலிருந்தும் குடைந்துகொண்டே வந்து நடுவில் சந்தித்த இடத்தில் பல கற்களில் ஒரு மேடு நிற்கும்.

பொருள் என்ன? வட்டத் தட்டான பீ வானத்துக்கு, ட்சொங் பூமிக்கு என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது 'சௌலி' என்ற பழைய சீனச் சடங்கு நூல் சொல்வது, அந்த நூலோ லியாங்சூ அழிந்து ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்குப் பிறகு உருவானது. அதை அப்படியே இந்தக் கல்லின் மேல் ஏற்றாதீர்கள். மண் சொல்வதை முதலில் கேளுங்கள்: ட்சொங் கிடைப்பது பெரும்பாலும் செல்வாக்கானவர்களின் கல்லறையில். ஜியாங்சு மாகாணத்தின் சீதுன் கல்லறை ஒன்றில் 33 ட்சொங், 24 பீ, எல்லாம் ஒரே உடலைச் சுற்றி.

கடைசியாக, மேல் எது கீழ் எது என்று பாருங்கள். உயரமானவற்றில் அகலமான முனைதான் மேலே. கண்ணுக்கு மேல் கிரீடம் இருக்கிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ட்சொங்குகளை ஆசையாகச் சேர்த்த 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியென்லோங்கே ஒன்றைத் தலைகீழாக வைத்து அதில் தன் கவிதையைப் பொறிக்கச் செய்திருக்கிறார்.