குறைமாதக் குழந்தை என்ஐசியூவில், நாம் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில்: முதல் தடவை மாட்டிக்கொண்டவர்களுக்கு

என் மகள் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,140 கிராம். பெங்களூரில் 52 நாள் என்ஐசியூ (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசம். டியூபில் பால் கொடுப்பது, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது எல்லாவற்றையும் சிஸ்டர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். கீழே இருந்த இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் எதை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. முட்டி மோதிக் கற்றதை எழுதுகிறேன். எங்களுடையது வீட்டுக்காரரின் கம்பெனி குரூப் பாலிசி.

படி 1: பெயருக்காகக் காத்திருக்காதீர்கள்

குழந்தை பிறந்த அன்றே ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள். பிரசவ கவர் உள்ள குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே குழந்தைக்கும் கவர் உண்டு; ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் பெயரைச் சேர்த்தாக வேண்டும், பல இடங்களில் 30 நாள். தனியாக எடுத்த பாலிசி என்றால் பலவற்றில் 90 நாள் ஆன பிறகுதான் குழந்தையைச் சேர்ப்பார்கள். அதற்கு முன் பிரசவ கவரில் குழந்தைக்கு எவ்வளவு என்று பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

குழந்தை வீடு திரும்பி, தொட்டிலில் போட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அத்தை ஒரே பிடிவாதம். இவரோ ஆசையில் ஒரு செல்லப் பெயரை ஹெச்.ஆர் போர்ட்டலில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரி ஃபைலில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயர். இன்ஷூரன்ஸ் கார்டில் வேறு பெயர். அதைச் சரிசெய்ய நான்கு நாள் ஓடியது. ஃபைலில் இருக்கிற 'பேபி ஆஃப்' பெயரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல நாள் பார்த்துப் பெயர் வைத்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். என்னுடையதில் இடது பக்கம் குழந்தை, வலது பக்கம் பணம். ஒரு நாளின் பக்கம் இப்படி இருக்கிறது. இடது: 'பால் 4 மி.லி., 3 மணிக்கு ஒரு தடவை. எடை 1,165.' வலது: 'காலை 11.40, டெஸ்க். கூடுதல் தொகை கேட்டு அனுப்பியாச்சு என்றார். மாலை 5.15, இன்னும் அனுப்பவில்லையாம்.'

யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று எழுதுகிறீர்கள் என்பது டெஸ்க்கில் தெரிந்தாலே பேச்சின் தொனி மாறுகிறது. இது என் அனுபவம்.

மூன்று நாளுக்கு ஒருமுறை அதுவரை ஏறிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கவர் தொகையில் மீதி எவ்வளவு என்று வலது பக்கத்தில் குறியுங்கள். கையுறை, டயாப்பர் போன்றவற்றைப் பல பாலிசிகளில் தர மாட்டார்கள். அது நம் கைக்காசு. ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கேள்வி வந்தால்

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக பில்லைச் சரிபார்க்கும் டிபிஏ கம்பெனி, 'க்வெரி' என்று விளக்கம் கேட்டு ஒன்று அனுப்பும். அது போவது ஆஸ்பத்திரி டெஸ்க்குக்கு. அங்கேயே அது தூங்கலாம். அதனால் தினமும் காலையில் போய், "க்வெரி ஏதாவது வந்திருக்கா?" என்று கேளுங்கள்.

எங்களுக்கு வந்தது சுருக்கென்று குத்துகிற கேள்வி. ஏழாம் நாள் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் பிடிஏ இருந்தது. இதயத்தை ஒட்டி, கருவில் திறந்திருந்து பிறந்த சில நாளில் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக் குழாய் ஒன்று மூடவில்லை. குறைமாதக் குழந்தைகளிடம் இது அடிக்கடி வருவதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் 'கன்ஜெனிட்டல்' (பிறவியிலேயே வந்தது) என்ற சொல் விழுந்துவிட்டது. மறுநாளே கேள்வி: இது பிறவிக் கோளாறா? கேட்டிருந்த கூடுதல் தொகையும் நின்றது.

முதலில் டாக்டரிடம் போய் அழுதேன். பாவம், அவருக்கு நான் எதற்கு அழுகிறேன் என்றே புரியவில்லை. மறுநாள் க்வெரியின் பிரிண்ட்டோடு போய், "இந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் வேணும், டாக்டர்" என்றேன். லெட்டர்ஹெட்டில் மூன்று வரி எழுதி சீல் போட்டுத் தந்தார்: 29 வாரத்தில் பிறந்தது, குழாய் மூடாததற்குக் காரணம் குறைப்பிரசவம், மருந்து தரப்படுகிறது. அன்று மாலையே தொகை வந்தது. டாக்டர்கள் டாக்டர்களுக்காக எழுதுகிறார்கள். டிபிஏ வேறு மாதிரி வாசிக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்தாகும் முன்பே கேட்டு வாங்கிப் படிப்பதும் இதற்காகத்தான்.

படி 4: டிஸ்சார்ஜ் நாள்

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (பில்லை கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் போடும் பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் கட்ட வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம், ஆஸ்பத்திரி கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆரம்பம். காலை ஒன்பதிலிருந்து நான் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஃபைல் இரண்டு மணி வரை மருந்தகத்தில், திருப்பிக் கொடுத்த மருந்துகளின் கணக்குக்காகக் காத்திருந்தது. அனுப்பிய நேரத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: மறுத்துவிட்டால்

பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதலில் கம்பெனியின் கிரீவன்ஸ் ஆபீசருக்கு (புகார் அதிகாரி) மெயில்; கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர். பெங்களூர் ஆபீஸ் ஜே.பி.நகரில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கன்ஸ்யூமர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், அதனால் முதலில் இது.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. முதல் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். அடுத்த தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவையும் பல பாலிசிகள் சில வாரம் வரை தருகின்றன. எத்தனை நாள் என்று பாருங்கள். மருந்துக்கடை பில் பல நேரம் பளபளப்பான தாளில் வரும், மூன்று மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். எங்களிடம் இரண்டு பில் வெள்ளைத் தாளாகிவிட்டன.