வாசிப்பு வட்டத்துக்கு ஸ்பேஸ் ஓபரா நாவல் தேர்ந்தெடுப்பது எப்படி

ஸ்பேஸ் ஓபராவை, அதாவது விண்வெளியில் பெரிய அளவில் விரியும் சாகச அறிவியல் புனைகதையை, எடுக்கும் வாசிப்பு வட்டங்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. எடுத்த புத்தகம் தொடரின் முதல் பாகமாக இருந்து, கதை பாதியில் நின்றுவிடும். அல்லது புத்தகம் தடிமனாக இருந்து, சந்திப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் முடித்திருக்க மாட்டார்கள். அல்லது எல்லோரும் முடித்திருப்பார்கள், ஆனால் “நல்லா இருந்தது” என்பதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. மூன்றையும் புத்தகம் வாங்கும் முன்பே சோதித்துவிடலாம்.

முதலில் கதையின் முடிவு. இந்த வகையில் தனி நாவல்கள் குறைவு, தொடர்களே அதிகம். ஆனால் தொடர் என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதிய ‘லெவியாதன் வேக்ஸ்’ (2011) ஒன்பது நாவல்கள் கொண்ட தொடரின் முதல் புத்தகம். இருந்தும் அதன் மையச் சிக்கல் அதற்குள்ளேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. டான் சிம்மன்ஸின் ‘ஹைப்பீரியன்’ (1989) அப்படி இல்லை. யாத்திரை போகும் ஏழு பேரில் ஆறு பேர் தத்தம் கதையைச் சொல்கிறார்கள். சந்திப்புக்கு இரண்டு கதை என்று மூன்றாகப் பிரித்தால் வட்டத்துக்கென்றே அளந்து தைத்ததுபோல் பொருந்தும். ஆனால் யாத்திரை எங்கே போய்ச் சேர வேண்டுமோ, அந்த வாசலிலேயே புத்தகம் நின்றுவிடும். மிச்சம் 1990இல் வந்த ‘தி ஃபால் ஆஃப் ஹைப்பீரியன்’ நூலில்தான் இருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் கடைசிச் சந்திப்பு முழுக்க அந்தக் கோபத்திலேயே கரைந்துபோகும்.

‘கல்ச்சர்’ என்ற கற்பனை நாகரிகத்தை வைத்து அயன் எம். பேங்க்ஸ் எழுதிய தொடரில் நாவல்கள் ஒவ்வொன்றும் தனித்து நிற்பவை. வெளிவந்த வரிசைக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று ‘கன்சிடர் ஃப்ளீபஸ்’ (1987) நூலில் தொடங்காதீர்கள். அடுத்து வந்த ‘தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்’ (1988) கூட்டு வாசிப்புக்கு இன்னும் இறுக்கமான கதை. தொடர் எதுவுமே வேண்டாம் என்றால் எமிலி டெஷின் ‘சம் டெஸ்பரேட் குளோரி’ (2023) இருக்கிறது.

முன்மொழிபவர் அந்தப் புத்தகத்தைக் கடைசி வரை படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கதையை அவர் சொல்ல வேண்டாம். “மையச் சிக்கல் இந்தப் புத்தகத்திலேயே தீர்கிறதா?” என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

அடுத்து நீளம். இங்கே ஆசையை நம்பாமல் கணக்கை நம்ப வேண்டும். எல்லோரும் புத்தகத்தின் நடுவிலிருந்து பத்துப் பக்கம் படித்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டத்திலேயே மெதுவாகப் படிப்பவருக்கு 25 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். 400 பக்க நாவலுக்கு 1,000 நிமிடம்; 28 நாளில் முடிக்க நாளுக்குச் சுமார் 36 நிமிடம். 560 பக்கம் என்றால் நாளுக்கு 50 நிமிடம். இதை வேலைக்குப் போகிற பலரால் ஒரு வாரத்துக்கு மேல் தொடர முடியாது. அதையே ஆறு வாரமாக நீட்டினால் 34 நிமிடத்துக்குள் வந்துவிடும். தொடக்கப் பக்கங்களில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. புதுப் பெயர்கள் குவியும் இடம் அது, வேகம் எப்போதும் குறைவாகவே வரும்.

இந்த வகையையே தொடாதவர்கள் வட்டத்தில் இருந்தால் குறுநாவலில் தொடங்குங்கள். அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதின் விதிப்படி 17,500 சொற்களிலிருந்து 40,000 சொற்களுக்குள் இருப்பது குறுநாவல். மார்த்தா வெல்ஸின் ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ (2017) இந்த அளவில் வந்து, அந்தப் பிரிவில் ஹியூகோவும் வென்றது. இரண்டு வாரம் தாராளம்.

தொடக்கப் பக்கங்களில் வாசகர்களை இழக்கும் நாவல்கள் சில, கொஞ்சம் முன்னறிவிப்பு கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். ஆன் லெக்கியின் ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ (2013) நூலில் இரண்டு காலங்கள் மாறி மாறி வரும். கதைசொல்லி எல்லோரையும் ‘அவள்’ என்றே குறிப்பிடுவார். இது வேண்டுமென்றே செய்தது, யார் ஆண் யார் பெண் என்று துப்புத் துலக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அர்க்கடி மார்ட்டினின் ‘எ மெமரி கால்டு எம்பயர்’ (2019) நூலில் பேரரசின் குடிமக்களுக்கு எண்ணும் பொருளும் சேர்ந்த பெயர்கள். பெயர், இடப் பட்டியல் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. மின்நூலில் படிப்பவர்கள் கதை முடிந்த பிறகுதான் அதைக் கண்டுபிடிப்பார்கள். யூன் ஹா லீயின் ‘நைன்ஃபாக்ஸ் கேம்பிட்’ (2016) எதையும் விளக்காமல் நேராகப் போர்க்களத்தில் இறக்கிவிடும். நல்ல நாவல்தான், ஆனால் வட்டத்தின் முதல் தேர்வாக வைக்க வேண்டாம்.

இனி முக்கியமானது: சண்டை போட விஷயம் இருக்கிறதா? நியாயமான இரண்டு பேர் எதிரெதிராகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இரண்டை முன்மொழிபவர் எழுதித் தர வேண்டும். கேள்விகள் எல்லாம் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்ற வகையிலேயே வந்தால், அது தனியாகப் படித்து ரசிக்க வேண்டிய புத்தகம். அலஸ்டர் ரெனால்ட்ஸின் ‘ஹவுஸ் ஆஃப் சன்ஸ்’ (2008) அப்படிப்பட்டது என்பது எங்கள் கருத்து. லட்சக்கணக்கான ஆண்டுகளைத் தாவும் அந்தப் பிரம்மாண்டம் வாயடைக்க வைக்கும். வாயடைத்தவர்களை வைத்து ஒன்றரை மணி நேரம் ஓட்ட முடியாது.

மார்ட்டினின் நாவலில் கேள்வி தானாகவே எழுகிறது: தன் ஊரை விழுங்கக் காத்திருக்கும் பேரரசின் கவிதையை ஒருத்தி காதலிக்கலாமா? ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ (1951) வேறு மாதிரி. வரலாற்றின் போக்கைக் கணக்கிட்டுவிட முடியும் என்றால் தனி மனிதர் எடுக்கும் முடிவுக்கு என்ன மதிப்பு? ஐந்து பகுதிகளிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் யாரோடும் ஒட்ட முடியவில்லை என்று சிலர் புகார் சொல்வார்கள்; அந்தப் புகாரையே விவாதமாக்கலாம். பெக்கி சேம்பர்ஸின் ‘தி லாங் வே டு எ ஸ்மால், ஆங்கிரி பிளானட்’ (2014) பெரிய போர் எதுவும் இல்லாமல் ஒரு கப்பலில் இருப்பவர்களின் உறவுகளைப் பற்றியது. வட்டம் சரிபாதியாகப் பிளக்க வாய்ப்புண்டு. ஒருமுறை பிளக்கட்டும், நல்லதுதான்.

உள்ளடக்க எச்சரிக்கையை ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கியின் ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ (2015) நூலில் ஏறக்குறையப் பாதிக் கதை சிலந்திகளோடு நகர்கிறது. சிலந்தி பயம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ‘சம் டெஸ்பரேட் குளோரி’யில் தற்கொலை வருகிறது. ‘லெவியாதன் வேக்ஸ்’ நூலில் உடல் சிதையும் காட்சிகள் உண்டு.

வாக்கெடுப்புக்கு மூன்று புத்தகங்கள் போதும். ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைக்காதீர்கள். ஒன்பது பேர் 4, 3, 2 என்று பிரிந்தால் ஐந்து பேர் கேட்காத புத்தகம் ஜெயித்துவிடும். படிக்கச் சம்மதமான எல்லாப் புத்தகங்களுக்கும் ஒவ்வொருவரும் குறி போடட்டும், அதிகக் குறி பெற்றதை எடுங்கள். அச்சு நூல், மின்நூல், ஒலிநூல் மூன்றில் எது எல்லோருக்கும் கிடைக்கும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் படிக்க வேண்டிய பங்கைப் பிரிக்கும்போது பக்க எண்ணைச் சொல்லாமல் அத்தியாய எண்ணைச் சொல்லுங்கள், பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ஒலிநூல் கேட்பவர்களுக்குப் பெயர்களின் எழுத்து தெரியாது, படிப்பவர்களுக்கு உச்சரிப்பு தெரியாது. முதல் மூன்று அத்தியாயங்களில் வரும் பெயர்களை மட்டும் வைத்து அரைப் பக்கப் பட்டியல் ஒன்றை முன்மொழிந்தவரே தயாரித்து அனுப்பலாம். இணையத்தில் ரசிகர்கள் தொகுத்த பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். அதில் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த ஆள் எப்போது சாகிறார் என்பதும் எழுதியிருக்கும்.