ஹெம்லாக் மரங்களைக் காக்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

கடந்த மே மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நாலு பேருடன், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களில் பூச்சி தேட, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காட்டுக்குப் போனேன். முதல் வருடம் நான் அடித்த கூத்தெல்லாம் அரை மணி நேரத்தில் மறுபடி அரங்கேறியது. தொப்பி, தண்ணீர் சமாச்சாரம் அவர்களுக்கே தெரியும், அதை விடுவோம்.

எதிரி வூலி அடெல்ஜிட், வெள்ளைப் பஞ்சு போர்த்திய குட்டிப் பூச்சி. அசுவினிக்குச் சொந்தக்காரன், ஜப்பானிலிருந்து வந்தது. கிழக்கு அமெரிக்காவில் 1951-இல், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் பக்கம் முதலில் தென்பட்டது. ஊசியிலை கிளையோடு சேரும் அடியில் உட்கார்ந்து உறிஞ்சியே பெரிய மரத்தையும் சாய்த்துவிடும். (தமிழில் கம்பளிப்பூச்சி என்று சொல்லிவிடாதீர்கள், அது வேறு ஆள்.)

பூச்சி பிடித்த தோப்பை முதலில் பார்ப்பது

"வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அதை முடித்துவிட்டு மேலே போகலாம்" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது.

இதையேதான் நானும் செய்தேன். என் இரண்டாவது வருடம், அதுவும் மே மாதம். காலையில் பஞ்சு மண்டிய ஓடைக்கரை, மத்தியானம் பூச்சியே காணாத மேட்டுத் தோப்பு. அதே சட்டை, அதே பை, கிளைகளை உரசிக்கொண்டே நடை. வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சுகள் ஊர்ந்து திரியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, துணியில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காடுகளில் பெருகுவது எல்லாம் பெண், ஆண் தேவையில்லை. ஒன்று போய்ச் சேர்ந்தாலும் போதும்.

அடுத்த மார்ச்சில் அந்த மேட்டில் வெள்ளைப் பொட்டுகள், பாதையோர மரங்களில் மட்டும். காற்று, பறவை, மான் எல்லாமும் பரப்பும், சரி. ஆனால் பறவை பாதை பார்த்துப் பறப்பதில்லையே.

அப்புறம் ஒவ்வொரு மரமாக, நாலரை அடி உயரத்தில் தண்டின் குறுக்களவு எடுத்து, அதற்கேற்ப இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்தைக் கலந்து வேரடியில் ஊற்ற வேண்டியதாயிற்று. ஏக்கருக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று மருந்துக்கு வரம்பு உண்டு. எந்த மரத்தை அந்த வருடம் கைவிடுவது என்று நின்று தேர்ந்தெடுத்தோம். அந்த மத்தியானம் இன்னும் உறுத்துகிறது.

சுத்தமான தோப்பு முதலில், பூச்சித் தோப்பு கடைசியில். இடையில் வேறு வழியில்லை என்றால் உடை, பை இரண்டையும் மாற்றுங்கள். வண்டியை ஹெம்லாக் கிளைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். குஞ்சுகள் ஊராத குளிர்காலத்தில் கணக்கெடுத்தால் இந்தத் தலைவலியே குறையும்.

கோடையில் தேடுவது

வேண்டாம். அப்போது பூச்சி உறக்கத்தில்.

வெள்ளையெல்லாம் பூச்சி என்பது

சிலந்தி முட்டைப்பை, காய்ந்த பிசின் இவையும் வெள்ளைதான். கிளையைத் திருப்பி, ஊசியிலை கிளையோடு சேரும் அடியைப் பாருங்கள்.

மரம் மெலியும்வரை காத்திருப்பது

பெரிய மரத்தின் உச்சிக்கு மருந்து ஏற ஒரு வருடம்கூட ஆகும். வாடிய மரம் உறிஞ்சாது.

கைக்கெட்டும் கிளையோடு நிறுத்துவது

பூச்சி உச்சியிலும் இருக்கலாம். புயலுக்கு மறுநாள் போய், கீழே விழுந்த உச்சிக் கிளைகளைப் பொறுக்கிப் பாருங்கள்.