பதிவுத் தபால் என்றால் வேகத் தபால் அல்ல

"பதிவில் போட்டுவிட்டேன், இனிப் பயமில்லை." அரச வேலைக்கு விண்ணப்பிக்கும் வன்னிப் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. பதிவுத் தபால் சுணங்காது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நன்றாகவே சுணங்கும். பதிவு என்பது கணக்கு. அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. கடிதத்துக்கு ஓர் இலக்கமிட்டு, பெறுபவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுப்பதுதான் அந்தச் சேவை.

பலர் சறுக்குவது முடிவுத் திகதியில். "குறித்த திகதியில் அல்லது அதற்கு முன்னர் கிடைக்கக்கூடியதாகப் பதிவுத் தபாலில் அனுப்பவும்" என்று விளம்பரம் சொல்லும். 'பதிவுத் தபால்' கண்ணில் படுகிறது, 'கிடைக்கக்கூடியதாக' படுவதில்லை. கடைசி நாளில் மல்லாவியில் முத்திரை குத்திய உறை அன்றைக்கே கொழும்புக்குப் பறந்து போகாது. தபால் முத்திரைத் திகதியை ஏற்பதாக விளம்பரமே சொன்னாலொழிய, அந்த விண்ணப்பம் பிந்தியதுதான். பதவியின் பெயரை உறையின் இடது மேல் மூலையில் எழுதச் சொல்லியிருந்தால் அங்கேதான் எழுத வேண்டும்.

பற்றுச்சீட்டு நீங்கள் அனுப்பியதற்குச் சாட்சி. அவர்களுக்குக் கிடைத்ததற்கு அல்ல. பெற்றவரின் கையொப்பத்தோடு அட்டை திரும்பிவர வேண்டுமென்றால் தனியாகக் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டும். சீட்டில் எழுத்து மங்குவதற்குள் படம் எடுத்துவையுங்கள். பதிவுதானே என்று உறைக்குள் நோட்டை மடித்து வைப்பதும் வேண்டாம், அதற்குக் காசுக்கட்டளை இருக்கிறது.

முகவரியில் 'புதுக்குடியிருப்பு' என்று மட்டும் எழுதுவது இன்னொரு தொல்லை. முல்லைத்தீவில் இருப்பதுபோல மட்டக்களப்பிலும் ஒரு புதுக்குடியிருப்பு உண்டு. மாவட்டத்தை எழுதுங்கள். வவுனியா என்றதும் எல்லாக் கிராமத்துக்கும் தபால் குறியீடாக 43000 போடுகிறார்கள். அது நகரத் தபாலகத்தின் இலக்கம். உங்கள் தபாலகத்தின் இலக்கத்தை அங்கேயே கேட்டு எழுதுங்கள்.

நேர்முகத் தேர்வுக் கடிதம் பதிவில் வரும்போது வீட்டார் வயலில் நின்றால், தபாற்காரர் அறிவித்தல் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போவார். அதை மின்சாரப் பட்டியலோடு செருகி மறந்துவிட்டால், கடிதம் சில நாட்கள் தபாலகத்தில் கிடந்துவிட்டு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். துண்டையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே போங்கள். விண்ணப்பத்தில் ஊர் கூப்பிடும் வீட்டுப் பெயரை எழுதியிருந்தால் உறையிலும் அதுதான் இருக்கும். அடையாள அட்டையில் வேறு பெயரைக் காண்கிற தபாலதிபர் கடிதத்தைத் தரத் தயங்குவதில் பிழையில்லை.